டெல்லி முருகனுக்கு இரண்டு பொட்டலம்

கட்டிவிட்டால் முடிந்தது, கட்டத்தான் கை வரவில்லை. கைக்கு என்ன, குளிரில் விறைத்துக் கிடக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், கையுறையைப் போட்டுக்கொண்டு நூலில் முடிச்சுப் போட முடியாது என்றும் சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப்போகிறார்கள். மடியில் கைப்பை, அதற்குள் ஒரு காகிதத்தில் வெள்ளைச் செவ்வந்தி, இன்னொரு காகிதத்தில் சிவப்பு ரோஜா, பூக்காரன் கொடுத்த நூல், இவ்வளவுதான் சாமான். இதை வைத்துத்தான் தர்சினி அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்பாள் என்று சாயங்காலம் முருகனிடம் கேட்கப்போகிறோம். வெள்ளை வந்தால் அவள் இந்த டெல்லியில், இதோ எதிரே நிற்கும் செங்கல் கட்டடத்தில், எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். சிவப்பு வந்தால் கோவில்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் பி.எட். படிக்கிறாள். "தனித்தனியா மடிச்சுக் கட்டு, ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும், எனக்கும் தெரியக்கூடாது, அவளுக்கும் தெரியக்கூடாது, கட்டி முடிச்சு உனக்கே தெரியாம கலைச்சுப் போட்டுரு" என்று சொல்லிவிட்டு இவர் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். லீவு நாள்தான், ஆனாலும் தர்சினி கம்ப்யூட்டரில் எழுதிக் கேட்டதற்கு ஒரு பேராசிரியை அம்மா வரச்சொல்லியிருந்தார்களாம். நான் வெளியே வெயிலில் இருக்கிறேன் என்றேன். வெயிலாம் வெயில். கோவில்பட்டிக்காரி வெயில் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டிய வெயில், தட்டில் ஊற்றி வைத்த மோர் மாதிரி இருக்கிறது. புல்வெளி பூராவும் ஆட்கள் அதில் படுத்துக் கிடக்கிறார்கள், வேர்க்கடலை உரித்துத் தோலை அங்கேயே போடுகிறார்கள், ஆரஞ்சு உரிக்கிறார்கள், ஒரு தெருநாய்க்கு யாரோ பழைய ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருக்கிறார்கள், முன்னங்கால் இரண்டும் கைப்பகுதிக்குள் நுழைந்து அது பெரிய அதிகாரி மாதிரி நடக்கிறது. எனக்கு மாட்டியிருக்கிற ஸ்வெட்டர் பக்கத்து வீட்டு மரகதம் ஊட்டிக்குப் போனபோது வாங்கியது. அதன் கை எனக்குக் குட்டை, அந்த நாய்க்குப் பொருந்துகிற அளவுக்குக்கூட எனக்குப் பொருந்தவில்லை.

பூக்கேட்கச் சொன்னது இவருடைய அண்ணன். அரையாண்டு லீவில் டெல்லிக்குப் போகிறோம், செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் பார்க்கிறோம், அப்படியே பிள்ளை ஆசைப்படுகிற பல்கலைக்கழகங்களையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இவர் போனில் சொன்னார். அண்ணன், "பொம்பளப்பிள்ளய அம்புட்டுத் தூரம் தள்ளுறதுக்கு முன்னால சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்கப்பா, பூக்கட்டிப் போட்டுப் பாருங்க" என்றார். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வாத்தியார் ஆக்கிவிட்டவர் அவர், அவர் சொன்னதை இவர் இன்றுவரை தட்டியதில்லை. ஊரிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் அங்கே கோயிலுக்கு ஜனம் திரண்டு வந்து நிற்கும், ஆளுக்கு ஒரு யோசனை சொல்லும். அதனால் டெல்லியைக் கண்ணால் பார்த்துவிட்டு அங்கேயே இருக்கிற முருகன் கோயிலில் கேட்போம் என்று இவர் முடிவு செய்தார். நம் ஆட்கள் குன்றுமேல் கட்டிய கோயிலாம், அய்யர்கூட நம் பக்கத்தவராம், யாராவது தமிழ்க் குடும்பம் சின்னப் பிள்ளையோடு வரும், அந்தப் பிள்ளையை எடுக்கச் சொன்னால் ஆயிற்று. எனக்கு அதிலேயே ஒரு சந்தேகம். இந்த முருகன் இங்கேயே இருந்து பழகியவர், இந்தக் குளிரும் புகையும் அவருக்குச் சகஜம். அவரிடம் போய் இந்த ஊரில் பிள்ளையை விடலாமா என்று கேட்டால், ஏன் நான் இல்லையா என்றுதானே சொல்வார். எங்கள் பக்கத்துக் கழுகுமலை முருகனைக் கேட்டிருந்தால் ஒரு நியாயம். தர்சினி இதை எப்படி ஒத்துக்கொண்டாள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவளோ, "சரி, கேளுங்க, செவப்பு வந்தாலும் நான் அழ மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பல் தேய்த்தாள்.

காலையில் இந்த வெள்ளைப் பூவுக்கு எவ்வளவு அலைந்தேன். தெருவெல்லாம் கேந்திப்பூதான், மஞ்சள் மஞ்சளாக மாலை மாலையாக. வெள்ளை கேட்டால் பூக்காரன் சாவுக்கா என்பதுபோல என்னை மேலும் கீழும் பார்க்கிறான். எனக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, என் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். கடைசியில் ஒரு கிழவன் வாளிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சிவப்பு ரோஜா மட்டும் கேட்காமலே எல்லா இடத்திலும் கிடைத்தது. இதைச் சகுனம் என்று நினைத்தேனா, நினைத்தேன், நினைக்காமல் இருக்க நான் என்ன சாமியாரா. சிவப்புச் சுலபமாகக் கிடைக்கிறது, வெள்ளைக்கு அலையவேண்டியிருக்கிறது, அப்படியானால் சாமி இப்போதே சொல்லிவிட்டார், சாயங்காலம் வரை ஏன் என்று ஒரு மனசு. அலைந்தாவது வாங்கினாயே, உனக்குத்தான் வெள்ளைமேல் அவ்வளவு ஆசை என்று இன்னொரு மனசு. இரண்டுக்கும் நடுவில் பஸ் ஸ்டாப்பில் இவர், "ஏன் செண்பகம் இவ்வளவு நேரம்" என்று குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து கேட்டார். கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தது. பூ கிடைக்கவில்லை என்றேன்.

நேற்று அந்தக் கதவு மூடாமல் இருந்திருந்தால் இந்நேரம் கட்டி முடித்திருப்பேன். மெட்ரோ ரயில் மாறுகிற பெரிய ஸ்டேஷன், பூமிக்கு அடியில், நாலு பக்கமும் ஜனம் ஓடுகிறது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தர்சினி முன்னால், நான் அவள் துப்பட்டாவைப் பிடித்தபடி, எனக்குப் பின்னால் இவர் பையோடு. வண்டி வந்தது, அவள் ஏறினாள், எனக்கு முன்னால் நாலு பேர் புகுந்தார்கள், துப்பட்டா கையிலிருந்து நழுவியது, கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. வண்டி போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது, இதற்கு மேல் ஒன்றுமில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டியில் திரும்பி வந்துவிட்டாள், போனில் "அங்கயே நில்லுங்க, அசையாதீங்க, நான் வாரேன்" என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னாள். ஆனால் அந்த நடுவில் நான் நின்ற நிற்பை யாரிடம் சொல்வது. நடைமேடை ஓரத்து மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, செய்தியில் பார்த்த ஒவ்வொன்றையும் வரிசையாக நினைத்தேன். பஸ், இருட்டு, ஆஸ்பத்திரி வாசல், மைக்கை நீட்டினால் முகத்தை மூடிக்கொள்கிற ஒரு அம்மா. அந்த அம்மாவும் ஒருநாள் பிள்ளையைப் படிக்க அனுப்பியவள்தானே. இவர் என் கையைப் பிடித்திருந்தார். அவள் திரும்பி வந்து இறங்கியபோது சிரித்தாள். அதுதான், அந்தச் சிரிப்புத்தான் என்னை உறுத்துகிறது. பயந்துபோய் வந்திருந்தால் கட்டிக்கொண்டு அழுது சமாதானம் ஆகியிருப்பேன். அவள் பயப்படவே இல்லை. கன்னம் சிவந்து, மூச்சு வாங்க, "ஜாலியா இருந்துச்சும்மா" என்றாள். அறைந்திருப்பேன், அந்தக் குட்டை ஸ்வெட்டர் கையைத் தூக்க விடவில்லை.

முதல் தடவை நியாயமாகத்தான் மடித்தேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. ஹிந்திப் பேப்பர், அதில் என்ன எழுதியிருக்கிறதோ. மடித்துப் பார்த்தால் செவ்வந்திப் பொட்டலம் புடைத்துக்கொண்டு நிற்கிறது, ரோஜாப் பொட்டலம் சப்பென்று இருக்கிறது, குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். பிரித்தேன். இதழாக உதிர்த்து மடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று உதிர்க்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது, இரண்டிலும் வெள்ளையே வைத்தால் என்ன. எந்தப் பிள்ளை எதை எடுத்தாலும் வெள்ளை, மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை, தர்சினி துள்ளுவாள், அண்ணனிடம் இவர் முருகன் சொல்லிவிட்டார் என்பார். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் களவு அதுவாக இருக்கும், மகளுக்காகச் செய்த களவு, முருகன் மன்னிப்பார், அவரே சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர்தானே. நினைக்க நினைக்க இனித்தது. எல்லோரும் சொல்வது அதுதானே, அப்பாதான் தடை, அம்மா எப்போதும் மகள் கட்சி என்று. இவர் எதற்கும் நாலு தடவை யோசிப்பார், அண்ணனைக் கேட்பார், பஞ்சாங்கத்தைப் பார்ப்பார். நான்தான் அவள் சுற்றுலாவுக்குப் போகவும் பேச்சுப் போட்டிக்குப் போகவும் இவரிடம் பேசிப் பேசி வாங்கிக் கொடுத்தவள். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். இரண்டிலும் வெள்ளையை வைத்து நூலைச் சுற்றினேன். முடிச்சுப் போடும் இடத்தில் நேற்றைய ரயில் கதவு மறுபடி மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைகிறது, என்ன சொன்னாள் என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. அம்மா என்றாளா, போய்ட்டு வாரேன் என்றாளா. பிரித்துவிட்டேன்.

டெல்லி மட்டும்தானா காரணம். இந்த ஊரில் ஒரு பாவமும் நடக்காது என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டால் அனுப்பிவிடுவேனா. செண்பகம், உண்மையைச் சொல். இவர் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காப்பி குடிப்பார், செய்தி பார்ப்பார், செய்தியில் வருகிறவர்களோடு பேசுவார், என்னோடு பேச அவருக்கு விஷயம் இருந்ததில்லை, கெட்டவர் இல்லை, பேச்சு இல்லை, அவ்வளவுதான். தர்சினி வந்தால்தான் வீட்டில் சத்தம் வரும். பையை எறிகிற சத்தம், பிரிட்ஜைத் திறக்கிற சத்தம், "யம்மா, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா" என்கிற சத்தம். அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஏதோ ஒரு சுல்தான் தன் தலைநகரத்தையே தூக்கிக்கொண்டு போனதை நேரில் பார்த்தவள்போலச் சொல்வாள், நான் தேங்காய் துருவிக்கொண்டே, ஜனங்க என்னட்டி செஞ்சாங்க, அடுப்பு உலையெல்லாம் என்ன ஆச்சு என்பேன், "இத ஒரு புத்தகத்துலயும் போடலம்மா, நீ கேக்குறதத்தான் நான் படிக்கப்போறேன்" என்பாள். பெருமையாக இருக்கும். இப்போது அதுவே எனக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. அவள் போய்விட்டால் அந்த மேடை காலியாக இருக்கும், நானும் செய்தியும் இவரும் இருப்போம். இதையெல்லாம் ஒரு தாய் வெளியே சொல்ல முடியாது. பயம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எனக்கு யாருமில்லாமல் போய்விடும் என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு யாருமில்லாமல் போய்விடும். சொல்லியாயிற்று, இந்தக் குளிரிடம்தானே.

பெஞ்சின் அந்த ஓரத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தர்சினி வயதுதான் இருக்கும். தலையில் எண்ணெயே காணாத முடி, பெரிய கோட்டு, ஒரு கையில் ஆரஞ்சு. போனில் பேசினாள், எந்த பாஷையோ, மம்மி மம்மி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. முதலில் சிரித்துப் பேசினாள், சாப்பிட்டேன் என்றாள் போலிருக்கிறது, கை வாய்க்குப் போய் வந்தது. பிறகு நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன் என்கிற மாதிரி ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள், சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரலில் அது துளிகூடத் தெரியவில்லை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம். அந்தப் பக்கம் அந்த மம்மி பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போயிருப்பாள். போனை வைத்துவிட்டுக் கோட்டின் கையால் மூக்கைத் துடைத்தாள், நான் பார்ப்பதைப் பார்த்தாள், ஆரஞ்சைப் பிட்டுப் பாதியை என் பக்கம் நீட்டினாள். எனக்கு வாங்கவும் தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் பாஷை இல்லை. வாங்கிக்கொண்டேன். அவள் தலையைத் தடவியிருக்கலாம், எட்டுகிற தூரம்தான், தடவவில்லை, ஊர் பேர் தெரியாத பிள்ளை. அவள் எழுந்து போய்விட்டாள். நான் அந்த ஆரஞ்சை மடியில் வைத்துக்கொண்டு ரோஜாவை எடுத்தேன், இதழ் இதழாக உதிர்த்து இந்தக் காகிதத்தில் பாதி, அந்தக் காகிதத்தில் பாதி வைத்தேன், மடித்தேன், நூலைச் சுற்றினேன், முடிச்சுப் போட்டேன். இந்தத் தடவை விரல் விறைக்கவே இல்லை. அழுவாள், ஒரு வாரம் அழுவாள், கண் முன்னால் அழுவாள், நான் துடைத்துவிடுவேன். வெள்ளைப் பூவைப் பையின் அடியில் தள்ளிவிட்டேன்.

இவர் மட்டும் தனியாக வந்தார். தர்சினி அந்த அம்மாவோடு நூலகம் பார்க்கப் போயிருக்கிறாளாம். பக்கத்தில் உட்கார்ந்து குல்லாவைக் கழற்றினார், முடி குத்திட்டு நின்றது. இந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"கலைச்சுப் போட்டுட்டியா?"

"ம்."

சுற்றும் முற்றும் பார்த்தார். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இருக்க வழியில்லை, இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார். "செண்பகம், அதப் பிரிச்சுரு. பிரிச்சு ரெண்டுலயும் வெள்ளயவே வச்சுக் கட்டிரு."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று இருந்தது. "சாமி காரியம்ங்க" என்றேன்.

"தெரியும். வேற என்ன செய்யச் சொல்லுற? நானா முடிவெடுத்தேன்னு சொன்னா அண்ணன் மனசு விட்டுப்போகும். முருகன் சொன்னான்னா கும்புட்டுக்கிட்டுப் பேசாம இருந்துருவாரு." பிறகு கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள அந்தம்மா என்னமோ கேட்டாங்க. இவ பதில் சொன்னா. அவங்க இல்லன்னாங்க, இவ அப்படி இல்ல மேடம்னு திரும்பச் சொன்னா. ஒரு வார்த்த எனக்கு வெளங்கல. நான் ஒருத்தன் பின்னால நிக்கேன்ங்கிறதே அவளுக்கு மறந்துபோச்சு. கடைசியில அந்தம்மா எந்திரிச்சு மேசைக்கு இந்தப் பக்கம் வந்து இவளுக்கு எதுக்கால இருக்கிற நாற்காலியில வந்து உக்காந்துட்டாங்க. நான் எத்தன வருசமா பாடம் நடத்துறேன், ஒரு பிள்ள முன்னால அப்படி எந்திரிச்சுப் போய் உக்காந்தது கெடயாது."

இத்தனை நாள் இவரைச் சுவர் என்று நினைத்து அதில் முட்டிக்கொண்டிருந்தேன். சுவர் இங்கே அல்லவா மரகதத்தின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டுப் பிரித்துக் கட்டியிருக்கலாம், இவருக்குத் தெரியவே தெரியாது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ரெண்டும் செவப்புங்க."

"என்னது?"

"ரெண்டுலயும் செவப்பத்தான் வச்சுக் கட்டியிருக்கேன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். என் மடியில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பயமா?" என்றார்.

"பயமும்தான். அவ இல்லாத வீட்டுல எனக்கு என்னங்க இருக்கு?"

பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் முடிச்சைத் தடவினார். "எனக்கும் அதுதான்" என்றார். "நேத்து அந்த ஸ்டேஷன்ல எனக்குக் காலே இல்ல."

அந்தப் பக்கம் படிக்கட்டில் தர்சினி இறங்கி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள், புல்வெளியில் படுத்திருக்கிறவர்களைச் சுற்றிக்கொண்டு, இந்த ஊரில் பல வருஷமாக நடக்கிறவள்போல. அருகே வந்ததும்தான் அந்த நடை மாறியது, பூ ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. "கோயிலுக்குக் கெளம்பலாமாப்பா?" என்று இவரைப் பார்த்துக் கேட்டாள். குரல் நன்றாகத்தான் இருந்தது, பயம் துளிகூடத் தெரியவில்லை. அந்த ஆரஞ்சுப் பெண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

"கோயிலுக்குப் போவோம். கும்புட்டுட்டு வருவோம்" என்றேன். "ஆனா சாமிகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். என்கிட்ட கேளு."

"என்னத்தம்மா?"

"இங்க படிக்கட்டுமான்னு கேளு."

அவள் அப்பாவைப் பார்த்தாள், அவர் குல்லாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "பெரியப்பா?" என்றாள். "உங்கம்மா சொல்லிட்டான்னு நான் பெரியப்பாகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றார் அவர். தர்சினி என் முன்னால் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. அடுப்படி மேடைமேல் உட்கார்ந்து உலகத்துக் கதையெல்லாம் சொல்கிறவளுக்கு இந்த ஒரு கேள்வி வரவில்லை. காத்திருந்தேன். பயம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது, இனிமேல் அது அங்கேயேதான் இருக்கும்.

"இங்க படிக்கட்டுமாம்மா?"

"படி" என்றேன்.